இஸ்திரிப் பெட்டியும் பூங்கா பெஞ்சும்

தொப்பிக் கடை ஒன்றில் ஆண்கள் உட்கார்ந்து தொப்பிகளை அலங்கரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஓர் இளைஞன் சரக்கை வாடிக்கையாளர் வீட்டில் சேர்க்கக் கிளம்புகிறான். வழியில் ஒரு பெண் அவனை மடக்குகிறாள். பெஞ்சில் அவள் நெருங்கி உட்கார, அவன் நகர்கிறான். மறுபடி நெருங்குகிறாள், நகர்வதற்கு இனி பெஞ்சு இல்லை. இன்னொருத்தி வந்து அவளை விரட்டிவிடுகிறாள். காப்பாற்றியவளே அப்புறம் அவனை வளைக்கிறாள். வீட்டில் ஆண்கள் துணி தைக்கிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள். கஃபேயில் பெண்கள் கால்மேல் கால் போட்டுப் புகைத்துக்கொண்டும் குடித்துக்கொண்டும் பத்திரிகை படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கெஞ்சும் கணவனை உள்ளேயிருந்து ஒருத்தி அலட்சியமாகத் துரத்துகிறாள். கடைசியில் ஆண்கள் கூட்டம் சேர்த்துக் கஃபேக்குள் புகுந்து பெண்களை வெளியேற்றிவிட்டுக் கோப்பைகளை உயர்த்துகிறார்கள். அவ்வளவுதான் படம். ஏழு நிமிடம் ஓடும். பேச்சில்லாத காலம், பேச்சுக்குத் தேவையும் இல்லை.

1906இல் பிரான்ஸின் கோமோன் நிறுவனத்துக்காக 'பெண்ணியத்தின் விளைவுகள்' என்ற இந்தப் படத்தை எடுத்தவர் ஆலிஸ் கீ. 1894இல் லியோன் கோமோனிடம் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தவர். சினிமா என்ற புதுப் பொம்மையில் கதை சொல்லிப் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, அலுவலக வேலை கெடாமல் பார்த்துக்கொண்டால் சரி என்ற நிபந்தனையோடு முதலாளி அனுமதித்தார். 1896இல் முதல் படம். அடுத்த பத்தாண்டில் அந்த நிறுவனத்தின் படத்தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. 1907இல் கணவர் ஹெர்பர்ட் ப்ளாஷேயோடு அமெரிக்கா போய், 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பிற்காலத்தில் அவருடைய படங்கள் பலவும் வேறு ஆண்களின் பெயரில் வரலாற்றில் ஏறின. கிழவியான பின் அவற்றை மீட்டு எழுதுவதிலேயே அவருக்குக் காலம் போனது. 1968இல் காலமானார், நினைவுக்குறிப்புகள் புத்தகமாக வந்தது 1976இல்.

இந்தப் படத்தைப் பற்றி இரண்டு தரப்பாகப் பேசுவார்கள். பெண்களுக்கு இடம்கொடுத்தால் இதுதான் கதி என்று பயமுறுத்தும் படம் என்பது ஒன்று. ஆண்கள் படுவதாகக் காட்டியிருப்பதெல்லாம் பெண்கள் அன்றாடம் படுவதுதானே, அப்படியானால் கடைசியில் நடப்பது வேடமிட்ட பெண்களின் கிளர்ச்சியே என்பது மற்றொன்று. இரண்டாவது தரப்புக்குப் படத்திலேயே சாட்சி இருக்கிறது. பெண்கள் பாவாடையோடுதான் இருக்கிறார்கள், ஆண்கள் கால்சட்டையோடுதான். உடுப்பு மாறவில்லை. உட்காரும் விதம், பார்க்கும் விதம், ஒதுங்கும் விதம் மட்டும் இடம்மாறியிருக்கின்றன. 1914இல் சார்லி சாப்ளின் பாவாடை கட்டிக்கொண்டு முரட்டுப் பெண்ணாக நடித்த 'ஒரு பரபரப்பான நாள்' படத்தில் சிரிப்பு அவர் கட்டிய துணியிலிருந்து பிறந்தது. ஆலிஸ் கீயின் சிரிப்பு உடம்பு பழகிய பழக்கத்திலிருந்து வருகிறது. இடுப்பை வளைத்து உட்காருவது பிறவிக்குணம் என்று நினைத்தவனுக்கு, அது யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று என்று காட்டிவிடுகிறது.

ஆனால் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிறவருக்கு வேறொரு சிக்கல். படத்தின் பாதி நகைச்சுவை இங்கே எடுபடாது.

தையலும் இஸ்திரியும் சமையலும் செய்யும் ஆண், பாரிஸ்காரருக்கு வேடிக்கை. இந்த ஊர் எழும்பியதே அப்படிப்பட்ட ஆண்களால்தான். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரை 'டோபி காட்' சலவைத்துறையில் துணியடித்துக் கரிப்பெட்டியால் இஸ்திரி போட்ட தமிழர்கள் காலனி துரைகளின் வெள்ளைச் சட்டைகளை வெள்ளையாக வைத்திருந்தார்கள். தோளில் காவடித் தண்டு வைத்து ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத்துக்குப் போய் விற்ற தமிழ் முஸ்லிம் ஆண்களின் கைப்பக்குவம்தான் இன்று ஊருக்கே அடையாளமாகிவிட்ட நாசி கண்டார். சூலியா தெருவில் மிஷின் மிதித்த தையற்காரர்களும் ஆண்களே. மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் பக்கத்துக் கிட்டங்கிகளில் நகரத்தார் முகவர்கள் மூன்று வருடக் கணக்குக்கு மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்து, பெட்டியடிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, ஆண் சமையற்காரர் வடித்த சோற்றைச் சாப்பிட்டார்கள். அதே வருடங்களில் செட்டிநாட்டில் வீட்டையும் வரவுசெலவையும் கட்டி ஆண்டவர்கள் ஆச்சிகள். அவர்களுடைய பணமும் வட்டிக்கு ஓடியது. 1920களின் மலாயாவில் இந்தியப் பெண்களின் எண்ணிக்கை இந்திய ஆண்களில் பாதிக்கும் குறைவு. பெண்கள் இல்லாத ஊரில் பெண்வேலை என்று எதைச் சொல்வது?

என் பெரியம்மாவுக்கு ஒரு சாயங்காலம் இந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவருடைய அப்பா டோபி கடை வைத்திருந்தவர். இஸ்திரி போடும் ஆண்கள் வந்த இடத்தில் நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "வேலைதானம்மா செய்யிறான், இதுல என்ன சிரிப்பு? நம்ப அப்பா செஞ்ச வேலைதான் அது" என்றார். பெஞ்சு காட்சி வந்ததும் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து நகர்ந்து விழப்போகும்போது, "பஸ்ஸுல இப்பிடித்தான்" என்றார். சிரித்தார். கோபமும் இருந்தது அந்தச் சிரிப்பில். தள்ளுவண்டிக் காட்சியில் அவர் கேட்டது: "உங்க பெரியப்பா ஒரு நாளாச்சும் உன்னையத் தூக்கிட்டு வெளிய போயிருக்காரா?"

எனக்கு அன்று ஒன்று தெளிந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை. சம்பளம் வந்தால் அது ஆணின் தொழில், சம்பளம் வராவிட்டால் பெண்ணின் கடமை. கடையில் ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போட்டவர் வீட்டில் தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடிக்கமாட்டார் என்பதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாரிஸிலும் கதை இதுதான். மணமான பெண் தான் சம்பாதித்த கூலியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் தந்தது 1907 ஜூலையில். ஆலிஸ் கீ படமெடுத்த வருடத்தில் மனைவியின் கூலி கணவனின் ஆளுகையில் இருந்தது. படத்தின் கஃபேயில் பெண்கள் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. பினாங்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இன்று செபராங் பிறை எனப்படும் நிலத்தின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்று, கத்தி ஒன்று, விடியலும் ஒன்று. பெண் என்ற அடையாளத்துக்குப் பிடித்தம் 10 காசு.

இந்தக் கண்ணோடு மௌனப்பட வரலாற்றைப் புரட்டினால் வேடிக்கையான சமையற்காரர் ஒருவர் அகப்படுகிறார். 1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுக்கக் கிளம்பிய தாதாசாகேப் பால்கேக்குத் தாராமதி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. விலைமகளிர்கூட, கேமராவுக்கு முன் நிற்பது மானக்கேடு என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் பம்பாய் கிராண்ட் ரோடு உணவகம் ஒன்றில் வேலைபார்த்த அண்ணா சாளுங்கே என்ற ஒல்லியான சமையற்காரரைப் பால்கே பிடித்தார். மாதம் 10 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர் 15 ரூபாய்க்கு மகாராணியானார். இந்தியத் திரையின் முதல் கதாநாயகி ஓர் ஆண் சமையற்காரர்! 1917இல் 'லங்கா தகன'த்தில் ராமர், சீதை இரண்டு வேடமும் அவருக்கே. பிரிந்து தவித்ததும் அவர்தான், தேடி வந்ததும் அவர்தான். அதே பால்கேயின் 'மோகினி பஸ்மாசுர'னில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்துப் பெண்களுக்குத் திரையில் இடம்பிடித்திருந்தார்கள். இருந்தும் சாளுங்கேயின் சேலைக்கு வேலை இருந்தது.

பினாங்கு மேடையும் இதே படிகளில் ஏறியது. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பழகிய மாமாக் பூஷி 1885 வாக்கில் இங்கே தொடங்கிய குழுவிலிருந்துதான் பங்சாவான் என்ற மலாய் மேடைநாடக மரபைக் கணக்கிடுகிறார்கள். பார்சி மேடையில் பெண்வேடம் பெரும்பாலும் ஆண்களுக்குரியது. பங்சாவானில் பெண்கள் ஏறி, கதாநாயகியே குழுவின் பெரிய ஈர்ப்பாகவும் ஆனாள். கூட்டம் அவளைப் பார்க்கத்தான் வந்தது. அவளைப் பெண்கேட்டு எந்தக் கௌரவமான வீடும் வரவில்லை. வேலைக்குக் கூலி கொடுத்தார்கள். பொது இடத்தில் நின்றதற்குத் தண்டமும் வசூலித்தார்கள்.

பொது இடம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் தலைகீழாக்கும் நையாண்டிகள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது அந்த இடத்தில்தான். ஆலிஸ் கீயின் படத்துக்கு ஒரு வருடம் முன்னால், 1905இல், நம் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' ஒரு கதையை அச்சிட்டது. வங்கத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பர்தாவுக்குள் வளர்ந்த ரொகேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. அதில் ஆண்களைத்தான் அந்தப்புரத்தில் அடைத்திருக்கிறார்கள். அவர்கள் சமைக்கிறார்கள், குழந்தை பார்க்கிறார்கள். பெண்கள் வெயிலைப் பிடித்து அடுப்பெரிக்கிறார்கள், மேகத்திலிருந்து நீர் இறக்குகிறார்கள், அலுவலக வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆண்கள் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சுருட்டு என்கிறார் ரொகேயா. இத்தனை அறிவியல் அற்புதத்திலும் என்னை நிறுத்திய இடம் கதையின் தொடக்கம். சுல்தானா பட்டப்பகலில் தெருவில் நடக்கிறாள், கூசுகிறாள். போகிற பெண்கள் அவளைப் பார்த்து, ஆம்பளை மாதிரி வெட்கப்படுகிறாளே என்று கேலி செய்கிறார்கள். பாரிஸில் ஒரு பெஞ்சு, சென்னையில் அச்சான கதையில் ஒரு தெரு. அவர் படத்தை இவரோ, இவர் கதையை அவரோ அறிந்திருக்க வழியில்லை. இருவரும் ஒரே இடத்தைத் தொட்டார்கள்.

நம்மிடம் அல்லி இருக்கிறாள். பெரிய எழுத்துப் பதிப்புகளில் தலைமுறை தலைமுறையாக விற்ற 'அல்லி அரசாணி மாலை'யில் மதுரையை ஆளும் அவளுக்கு மந்திரியும் படையும் காவலும் பெண்கள்தான். ஆண் வாடை ஆகாது. அவளை நேர்நின்று வெல்ல முடியாத அர்ச்சுனன், கண்ணனின் உபாயத்தால் பாம்பாக உருமாறி உள்ளே புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையிலிருந்து 1934இன் 'பவளக்கொடி' திரைப்படம் வரை அல்லி வந்துபோனாள். பெண் மேலோங்கிய வீட்டைக் குத்திக்காட்ட இன்றும் நாக்கு நுனியில் வருவது அவள் ராஜ்யம்தான். கதை முடிவில் அல்லி அடங்கிவிடுகிறாள். ஆலிஸ் கீயின் பெண்களும் கஃபேயிலிருந்து துரத்தப்படுகிறார்கள். ஆனால் எப்படி முடிந்தது என்பதைக் கவனியுங்கள். தூங்கும்போது தாலி கட்டுவதை வெற்றி என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை அர்ச்சுனனுக்கு. கூட்டம் சேர்ந்து கதவை முட்டித் திறக்க வேண்டிய நிலை பாரிஸ் ஆண்களுக்கு. இயற்கையான அதிகாரம் என்றால் இவ்வளவு மெனக்கெடல் எதற்கு?

மௌனப்படக்காரர்கள் தலைகீழாக்கும் இந்த நுட்பத்தை வெவ்வேறு கோணத்தில் தொட்டார்கள். 1918இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் எடுத்த 'நான் ஆணாக இருக்க விரும்பவில்லை'யில் ஓஸி ஓஸ்வால்டா கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு இரவு நடனத்துக்குத் தனியாகப் போகிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஆணுடம்பு அல்ல, இரவு. 1926இல் பம்பாயில் 'டெலிபோன் கேர்ள்' படத்தில் நடித்த சுலோச்சனா என்ற ரூபி மையர்ஸ், நிஜத்திலும் தொலைபேசி இணைப்பகத்தில் வேலைபார்த்தவர். தட்டச்சு மேசையிலிருந்து ஆலிஸ், தொலைபேசி மேசையிலிருந்து சுலோச்சனா. வீட்டுக்கு வெளியே உட்கார ஒரு நாற்காலி கிடைத்த பெண்கள்தான் திரைக்கும் வந்தார்கள். தமிழிலும் மேடையிலிருந்தும் மௌனப்படத்திலிருந்தும் வந்த டி.பி. ராஜலட்சுமி, 1931இல் 'காளிதாஸி'ல் பேசி, 1936இல் தன் நாவலையே 'மிஸ் கமலா'வாக இயக்கினார்.

இன்றைய ஜார்ஜ் டவுனில் அந்த கஃபே எங்கே இருக்கிறது? ஒட்டுக்கடையில் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு, தே தாரிக் ஒன்றை வைத்துக்கொண்டு பந்தாட்டத்தின் இரண்டு பாதியையும் பார்த்துத் தீர்க்கும் கூட்டத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. இருப்பவர்கள் யாரோடாவது வந்திருக்கிறார்கள், அல்லது வேலை முடிந்து பொட்டலம் வாங்க நிற்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான் அபூர்வமாகப் பார்க்கிறேன். நானே தனியாகப் போனால் ஒரு புத்தகத்தையோ கைப்பேசியையோ மேசைமேல் வைத்துக்கொள்கிறேன், வந்ததற்குக் காரணம் காட்டுவதுபோல. பக்கத்து மேசைக்காரருக்கு எந்தக் காரணமும் தேவைப்படுவதில்லை. ஆலிஸ் கீ திருப்பிப்போட்டது இந்தச் சலுகையைத்தான். அவர் படத்துப் பெண்கள் கஃபேயில் உருப்படியாக ஒன்றும் செய்வதில்லை. அதுதான் அந்தக் காட்சியின் உயிர்.

தலைகீழாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் உட்கார்ந்த நாற்காலியில் பெண்ணை உட்காரவைத்தால் நாற்காலி அப்படியே இருக்கிறது. ஆலிஸ் கீயின் பெண்கள் பெஞ்சில் செய்வதும் பொறுக்கித்தனம்தானே. இந்த இடத்தில் பெரியார் ஒரு படி மேலே போகிறார். 1928இல் 'குடி அரசு' இதழில், ஆண்மை என்ற கருத்தே ஒழிந்தாலொழியப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று எழுதினார். நாற்காலியை மாற்றிக் கொடுப்பதல்ல, உடைப்பது. மறுவருடம் டிசம்பரில் அவர் கப்பலேறி வந்து இறங்கியது பினாங்கில். தங்கள் சோற்றைத் தாங்களே வடித்து, தங்கள் துணியைத் தாங்களே துவைத்துப் பழகிய ஆண்கள் நிறைந்த ஊர் அவரைத் திரளாக வரவேற்றது. வேலையில் அவர்களிடம் ஆண்மை என்று பிரித்துச் சொல்ல ஏதும் மிச்சமில்லை. ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்ததும் அது எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது.

1912இல் ஆலிஸ் கீ தன் பழைய படத்தையே அமெரிக்காவில் மறுபடி எடுத்தார். தலைப்பு 'இரண்டாயிரமாவது ஆண்டில்'. பெண்கள் உலகை ஆளும் எதிர்காலம். அந்தப் படம் தொலைந்துவிட்டது. அந்த ஆண்டோ வந்துபோய்விட்டது. வந்தபோது பினாங்கு எப்படி இருந்தது? 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்த்தார்கள். கீழைநாட்டுப் பெண்ணின் சின்னக் கைகள் நுட்ப வேலைக்கென்றே பிறந்தவை என்று முதலீட்டாளர்களுக்கு அரசாங்கமே துண்டறிக்கையில் எழுதிக் கூப்பிட்டது. குயின் ஸ்ட்ரீட்டில் 1833லிருந்து நிற்கும் மாரியம்மன் கோவில் பக்கத்துப் பூக்கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். மீசை வைத்த ஆண்கள் பேசிக்கொண்டே, பார்க்காமலே, மல்லிகையை இரண்டிரண்டாக நாரில் சேர்த்து இறுக்குகிறார்கள். அந்த விரல்களின் வேகத்தைப் பிறவிக்குணம் என்று எந்த அரசாங்கமும் துண்டறிக்கை போடவில்லை. அது தொழில், பழகி வந்தது, அதற்கு விலை உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் விரலுக்கு மட்டும் அது இயற்கையாகிவிடுகிறது. இயற்கைக்குக் கூலி கம்மி.

ஆக, ஆலிஸ் கீயின் கணிப்பு பாதிதான் பலித்திருக்கிறது. பெண்கள் ஆணின் சம்பள வேலைக்குள் வந்துவிட்டார்கள். சம்பளமில்லாத வேலைக்குள் ஆண்கள் வரவில்லை. கஃபேயை மீட்டுக் கோப்பையை உயர்த்தும் ஆண்களோடு அவருடைய 1906 படம் முடிகிறது. வெளியே தள்ளுவண்டியிலிருக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மலேசியா அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் எழுதியிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிள்ளை பெற்ற தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள். பெற்றவள் உடம்பு தேறுவதற்கு நாள் வேண்டும், அதில் பேச்சில்லை. அந்தக் கணக்கைக் கழித்தாலும் இடைவெளி பெரியது. முன்பு தகப்பனுக்கு ஒன்றுமே இல்லை என்பதால் இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏழு நாளில் ஒருவன் குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ளலாம், கற்றதும் வேலைக்குத் திரும்பிவிடலாம். மிச்சமிருக்கும் 91 நாளை வைத்து யாராவது ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கலாம். வசனம் எழுத ஆள் வேண்டியிருக்காது.